விலை கூடிய பிளக்: விற்கலாமா, வேண்டாமா?

“நானா, இரிடியம் பிளக் போட்டா பைக் நல்லா இழுக்குமாமே, இருக்கா?” மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் எல்லோரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விலையோ சாதாரண பிளக்கைப் போல மூன்று, நான்கு மடங்கு. எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கு நல்ல இலாபம். ஆனால் அந்த பைக் அடுத்த வாரமும் முன்பு போலவே திணறினால், வாங்கியவர் நம் கடைப் பக்கம் மீண்டும் வரமாட்டார். ஆகவே இந்தப் பொருள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை விற்பவர் முதலில் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிளக்கின் வேலை, பெற்றோலும் காற்றும் கலந்த கலவைக்கு உரிய நேரத்தில் பொறி கொடுப்பது மட்டுமே. நிமிடத்துக்கு 6,000 தடவை சுழலும் நான்கு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் 3,000 தடவை, அதாவது செக்கனுக்கு 50 தடவை, கலவை எரிய வேண்டும். பற்றிக்கொண்டால் பிளக்கின் பங்கு முடிந்தது. சக்தி வருவது பெற்றோலிலிருந்து. நல்ல நிலையிலுள்ள சாதாரண பிளக் ஒரு தடவையும் தவறாமல் பற்றவைக்கிறது என்றால், அதைக் கழற்றிவிட்டு எந்த விலையில் ஒன்றைப் போட்டாலும் ஓடுபவருக்குத் தெரியும்படி இழுவை கூடாது.

அப்படியானால், “போட்டவுடனே வித்தியாசம் தெரிந்தது” என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பெரும்பாலும் அவர்கள் கழற்றியது தேய்ந்த பிளக். முனை தேய்ந்து இடைவெளி கூடினால் பொறி பாய்வதற்குக் கூடுதல் வோல்ற்றேஜ் தேவைப்படும், இடையிடையே பொறி தவறும். புதிய சாதாரண பிளக் போட்டிருந்தாலும் அதே வித்தியாசம் தெரிந்திருக்கும்.

இரிடியத்தின் உண்மையான பலன்

இதற்காக இரிடியம் பிளக் வெறும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. நிக்கல் சுமார் 1,455 பாகை செல்சியஸில் உருகும், இரிடியம் 2,446 பாகை வரை தாங்கும். அதனால் முனையை 0.4 அல்லது 0.6 மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லியதாகச் செய்யலாம். மெல்லிய முனையில் குறைந்த வோல்ற்றேஜிலும் பொறி பாயும். காலைக் குளிரில் ஸ்டார்ட் எடுப்பதற்கும், நெரிசலில் மெதுவாக ஓடுவதற்கும் இது உதவலாம். தேய்வும் குறைவு. விடியுமுன் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படும் வியாபாரிக்கு பைக் ஸ்டார்ட் ஆகாத ஒரு நாள், வருமானம் இல்லாத நாள். நம்பிக்கையாக ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று அவர் கேட்டால் இரிடியத்தைக் காட்டலாம். வேகத்துக்கு என்று கேட்பவருக்குத்தான் உண்மையைச் சொல்ல வேண்டும். இரட்டைப் பிளக் உள்ள பல்சர் போன்ற வண்டிகளுக்குச் செலவும் இரட்டிப்பு என்பதையும் சொல்லிவிடுங்கள். கம்பனியே இரிடியம் போட்டு அனுப்பிய வண்டிக்கு மட்டும், விலை குறைவு என்று சாதாரணத்தைக் கொடுக்க வேண்டாம்.

விலையை விட இலக்கம் முக்கியம்

என்.ஜீ.கே. சி 7 எச்.எஸ்.ஏ. என்ற பிளக்கில் 7 என்பது வெப்ப இலக்கம். என்.ஜீ.கே., டென்சோ ஆகியவற்றில் இந்த இலக்கம் கூடக் கூட பிளக் சூட்டை விரைவாக வெளியேற்றும். பொஷ், சம்பியன் ஆகியவற்றில் இது தலைகீழ். எனவே இலக்கத்தை மட்டும் பார்த்து மாற்றிக் கொடுக்கக் கூடாது, ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்தே கொடுக்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடாகும் பிளக் பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்து பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடலாம். மரை நீளம் கூடினால் பிஸ்டனில் முட்டவும் கூடும்.

விற்குமுன் பழைய பிளக்கை வாங்கிப் பாருங்கள். முனையைச் சுற்றிய பீங்கான் இளம் கபில நிறமென்றால் எஞ்சின் சுகம். காய்ந்த கரி படிந்திருந்தால் காபரேட்டரையோ எயார் பில்டரையோ பார்க்க வேண்டும். எண்ணெய் ஈரம் இருந்தால் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். வெளுத்துப் போயிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இவற்றில் எதையும் விலை கூடிய பிளக் குணப்படுத்தாது.

இன்னொரு விடயம். பெயர்பெற்ற பிளக்குகளுக்குப் போலிகள் உண்டு. வழமையான மொத்த விலையை விட மிகக் குறைவாக இரிடியம் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அங்கீகாரம் பெற்ற இறக்குமதியாளரிடம் பில்லுடன் வாங்குவதே பாதுகாப்பு.

இரிடியம் கேட்டு வருபவரிடம், “உங்கள் பைக்குக்கு இது தேவையில்லை, எயார் பில்டரை மாற்றுங்கள்” என்று சொன்னால் அன்றைய இலாபம் சில நூறு ரூபா குறையும். ஆனால் செயின், டயர், பிரேக், ஒயில் என்று ஒரு பைக் அதன் ஆயுள் முழுவதும் கேட்கும் சாமான்கள் ஏராளம். அவற்றை வாங்க அவர் எந்தக் கடைக்குப் போவார் என்பதை நாம் அன்று சொல்லும் அந்த ஒரு பதில்தான் தீர்மானிக்கும்.