பிடித்தால் போதாது, விடவும் வேண்டும்

கைக்கருவிக் கதைகள் – 14

சென்ற வாரம் மரக்கவட்டையில் கயிற்றைப் போட்டுவிட்டு நிறுத்தியிருந்தோம். ஈயக்குண்டுப் பை கட்டிய மெல்லிய நூலை வீசி, அதன் வாலில் தடித்த கயிற்றைக் கட்டி இழுத்து, 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்றியாயிற்று. இனி ஆள் ஏற வேண்டும். ஏறுவதற்குக் காலும் மூச்சும் இருந்தால் ஒருவாறு சமாளித்துவிடலாம். இறங்கும்போதுதான் கருவியின் லட்சணம் தெரியும்.

நம்மூர்ப் பனையேறியின் தளைநார் மரத்தைப் பிடிக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிளை கழிக்கும் தொழிலாளியின் கருவியோ கயிற்றைப் பிடிக்கிறது. இடுப்புக் கச்சையில் தொங்கியபடி கிளை நுனிவரை நடப்பார், ரம்பத்தால் அறுப்பார், திரும்பத் தண்டுக்கு வருவார், இரண்டடி இறங்குவார், நாலடி ஏறுவார். நாள் முழுக்க இப்படியே. கயிற்றில் உள்ள பிடி அவர் நிற்கும்போது இறுக வேண்டும், கை வைத்தால் இளக வேண்டும், ஏறும்போது தடையில்லாமல் வழுக வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சண்டை போடுபவை.

ஒரு வாளித் தண்ணீரும் மொட்டைமாடிக் கைப்பிடிக் குழாயும் இருந்தால் இந்தச் சண்டையை வீட்டிலேயே பார்க்கலாம். நான் பார்த்தேன். கயிற்றைக் குழாய்மேல் சும்மா போட்டு வாளியை இறக்கினால் கை இழுபடுகிறது. ஒரு முழுச் சுற்று சுற்றினால் இரண்டு விரல் போதும். மூன்று சுற்றில் வாளி அந்தரத்தில் நின்றுவிட்டது. கயிற்றை நானே ஊட்டிவிட்டால்தான் இறங்கியது.

பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் இதைக் கணக்காக்கிவிட்டார். சுற்று ஏற ஏறப் பிடிமானம் கூட்டலாக வளராது, பெருக்கலாக வளரும். உராய்வுக் கெழு 0.25 என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோ ஆளைத் தாங்க ஒரு சுற்றில் கை சுமார் 17 கிலோ இழுக்க வேண்டும். இரண்டு சுற்றில் மூன்றரைக் கிலோ. மூன்று சுற்றில் முக்கால் கிலோகூட வேண்டாம்.

அதே இரண்டு சுற்றை வைத்துக்கொண்டு கயிற்றை மட்டும் மாற்றுங்கள். கெழு 0.25-லிருந்து 0.20-க்கு இறங்கினால் 23 மடங்காக இருந்த பிடி 12 மடங்காகிவிடுகிறது. புதுக் கயிற்றின் வழவழப்பு, பைன் பிசின், காலைப் பனி, பல மாதம் உழைத்த கயிற்றின் சொரசொரப்பு, எல்லாமே இந்தக் கெழுவில்தான் கை வைக்கின்றன. நேற்று வெண்ணெய் போல இறங்கிய கருவி இன்று முரண்டு பிடித்தால் கருவியைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு விருந்தாளியும் இருக்கிறார்: கயிற்றின் வால். மரமேறும் கயிறு மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம். 30 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்குக் கீழே மூன்று கிலோ கயிறு தொங்குகிறது. கையே வைக்காவிட்டாலும் அந்த மூன்று கிலோ, 23 மடங்குப் பிடியில், 69 கிலோவைத் தாங்கிவிடும். 80 கிலோ ஆள் மெல்ல நகர்வார். 55 கிலோ பெண் தொழிலாளி உச்சியில் அசையாமல் தொங்குவார். பத்து மீட்டருக்கு வந்ததும் அதே வால் 23 கிலோவைத்தான் தாங்கும், வேகம் கூடிவிடும். இது வெறும் சுற்றுக்கான கணக்குதான். கருவிகளுக்குள் வளைவோடு நசுக்கும் விசையும் சேரும். ஆனால் ஒரே அமைப்பு எல்லோருக்கும், எல்லா உயரத்துக்கும் ஏன் பொருந்தாது என்று புரிந்துகொள்ள இது போதும்.

கயிற்றைப் பிடித்து விடும் வேலையை முதலில் முடிச்சுகளே செய்தன. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931-இல் எழுதிய முடிச்சு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. போர்க்காலத்தில் அறுந்த இசைக்கருவித் தந்திகளை ஒட்டுப்போடப் பயன்படுத்திய முடிச்சு என்றும் சொல்வார்கள். மரத்தொழிலில் பெயர் வாங்கிய பிளேக் முடிச்சின் கதை வேடிக்கையானது. ஜேசன் பிளேக் என்ற அமெரிக்கர் 1994-இல் ஒரு தொழில் இதழில் அதை வெளியிட்டார், பெயர் நின்றது. ஹைன்ஸ் புரோஹாஸ்கா என்ற ஆஸ்திரியர் 1981-லேயே அதே முடிச்சை எழுதியிருந்தார். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. தேவை ஒன்றாக இருந்ததால் கைகளும் ஒரே இடத்துக்குப் போயிருக்கின்றன.

அக்கால முறையில் கயிறு கிளைமேல் போய்த் திரும்பும். ஒரு முனை இடுப்பில், மறுபக்கத்தில் முடிச்சு. ஆளின் எடை இரண்டு பக்கமும் பிரிவதால் முடிச்சுக்குப் பாதிதான் வரும். கிளையின் உராய்வும் சேர்ந்தால் பாதிக்கும் குறைவு. பிறகு, கயிற்றை ஓரிடத்தில் கட்டிவிட்டு ஒற்றை இழையில் ஏறும் முறை பரவியது. அதில் உயரமான மரத்தில் ஏறுவது எளிது. ஆனால் முழு எடையும் முடிச்சின்மேல் விழுந்தது. முடிச்சு கல்லாக இறுகியது. அடித்துத் தளர்த்தினால் திடுமென வழுக்கியது, கயிறு பொசுங்கியது.

இந்தச் சிக்கலுக்கு 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கெவின் பிங்காம் என்ற அமெரிக்கர் செய்த ‘ரோப் ரெஞ்ச்’ எனக்கு மிகவும் பிடித்த கருவி. முடிச்சை அவர் தூக்கி எறியவில்லை. அதற்கு மேலே கயிற்றில் சின்னதாக ஒரு நெம்புகோலைக் கோத்து, அதையும் முடிச்சையும் ஒரு குட்டிக் கயிற்றால் இணைத்தார். ஆள் எடை போட்டதும் அந்த இணைப்பு நெம்புகோலைச் சாய்க்கிறது. கயிறு கோணி வளைகிறது. எடையில் ஒரு பங்கு அங்கேயே கரைகிறது. முடிச்சுக்குப் பழையபடி குறைந்த சுமைதான். ஏறும்போது எடை இல்லை, ஆகவே நெம்புகோல் நிமிர்ந்து, சும்மா கூடவே வருகிறது. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான்: அவர் தேரை நிறுத்துவதைவிட, வேண்டிய அளவுக்கு மட்டுப்படுத்துவதில்தான் திறமை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், ரோப் ரெஞ்ச் தனியாக ஆளைத் தாங்காது. பிடிப்பது முடிச்சேதான்.

பிரான்சின் பெட்ஸல் நிறுவனம் வேறு வழியில் போனது. முடிச்சின் சுற்றுகளையே உலோகக் கண்ணிகளாக்கி, சங்கிலிபோல அடுக்கி, 2012-இல் ‘ஜிக்ஜாக்’ என்று வெளியிட்டது. எடை வந்தால் கண்ணிகள் கோணிக் கயிற்றைக் கவ்வும். உடைப்புப் புகார்கள் வந்ததும் 2013-இல் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லித் திரும்பப் பெற்றது. பிறகு திருத்திய வடிவில் வந்தது. ஒற்றைக் கயிற்றில் அதைப் பயன்படுத்த ‘ஷிகேன்’ என்ற துணைத் தடையைப் பின்னாளில் அதே நிறுவனம் கொண்டுவந்தது. பிங்காமின் யோசனையே உலோகச் சட்டை போட்டு வந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்றைய போட்டி, பிடியைத் திருத்திக்கொள்ளும் வசதியில். ஜேமி மெரிட் வடிவமைத்து ராக் எக்ஸோடிகா நிறுவனம் தயாரிக்கும் ‘அக்கிம்போ’ கருவியின் மேல் கை, கீழ் கை இரண்டிலும் உராய்வைத் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவது உண்மையில் கயிறு வளையும் கோணத்தைத்தான். நமது கணக்கில் இரண்டு சுற்றிலிருந்து கால் சுற்றைக் கழித்தாலே பிடி 23-லிருந்து 16-க்கு இறங்கிவிடும். அதனால்தான் இவ்வகைக் கருவியில் மயிரிழை நகர்வுக்கும் மரியாதை. திருத்தும் வசதி தவறாகத் திருத்தவும் இடம் தருகிறது என்ற உறுத்தல் எனக்கு உண்டு. முடிச்சில் ஒரு சுற்றைக் கூட்டியவர் அதை மறக்கமாட்டார். கருவியின் நிலையை மாற்றியவர் மறக்கலாம்.

சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 80 கிலோ ஆள் 20 மீட்டர் இறங்கினால் பிறக்கும் வெப்பம் சுமார் 15,700 ஜூல். 50 மில்லி தண்ணீரை அறைவெப்பத்திலிருந்து கொதிக்க வைக்கப் போதும். அத்தனையும் விரல் தடிமன் கயிற்றிலும் கைப்பிடி அளவு உலோகத்திலும் இறங்குகிறது. பாலியெஸ்டர் 260 டிகிரியை நெருங்கினால் உருகும். டெக்னோரா போன்ற அராமிட் இழை உருகாது, 500 டிகிரிவாக்கில்தான் சிதையும். முடிச்சுக் கயிற்றின் மேலுறையில் அராமிட் சேர்ப்பது இதற்காகத்தான்.

புதுக் கருவி வாங்கினாலும், பழைய கருவியில் புதுக் கயிறு மாட்டினாலும், முதல் சோதனை முழங்கால் உயரத்தில்தான். தொங்கிப் பார்ப்பார்கள், குலுக்கிப் பார்ப்பார்கள், இறங்கிப் பார்ப்பார்கள், ஒரு நிலை கூட்டி மறுபடி இறங்குவார்கள். இரவு மழை பெய்திருந்தால் மறுநாள் காலையில் அத்தனையும் முதலிலிருந்து.

(தொடரும்)