ஓடாத காருக்கும் வயதாகிறது

1898ஆம் ஆண்டில் பிளேக் நோய் பெங்களூரின் நெரிசலான பேட்டைகளைச் சூறையாடியதை ஒட்டி, ஜனங்கள் காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்துக்கு விலகிச் சென்று வாழட்டும் என்று நேர்கோட்டுத் தெருக்களாக வகுத்து வளர்க்கப்பட்ட மல்லேஸ்வரத்தில், இன்றைக்கும் சம்பிகே ரோட்டை ஒட்டிய கிராஸ் ஏதாவது ஒன்றில் காலை வேளையில் நடந்து சென்றால், பழைய வீடுகளின் கேட்டுக்குள்ளே, துணியுறை போர்த்தியபடியோ உதிர்ந்த இலைகளைச் சுமந்தபடியோ, சிறிய பழைய கார்கள் நிற்பதைக் காணலாம். மாருதி 800, ஜென், ஆல்டோ, ஸான்ட்ரோ, ஐ10 என்று பல தினுசு. டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று பழைய தலைமுறை அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்திலும், ஜாலஹள்ளித் தொழிற்சாலைகளிலும், பாங்குகளிலும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஆசையாக வாங்கி, அதைவிட ஆசையாகப் பேணி வருபவை அவை. காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு ஒரு நடை, எட்டாவது கிராஸ் கடைகளுக்கு ஒரு நடை, எப்போதாவது டாக்டரிடம் ஒரு நடை என்பதற்குமேல் அவற்றுக்குப் பிரயாணம் இல்லை. 2014இல் சம்பிகே ரோட்டிலிருந்து பீன்யா வரையிலும், 2017இல் மெஜஸ்டிக் வழியாக நகரின் தென் பகுதிக்கும் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தச் சொற்பப் பிரயாணமும் குறைந்துவிட்டது.

"பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நாற்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, புது வண்டி மாதிரி" என்று இவற்றின் சொந்தக்காரர்கள் பெருமிதத்தோடு சொல்லும்போதெல்லாம் எனக்குக் கவலையே உண்டாகிறது. ஏனென்றால், அந்த எஞ்சினின் பக்கவாட்டில், பிளாஸ்டிக் மூடிக்குள், கண்ணுக்குப் படாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பல் வைத்த ரப்பர் வார், கிலோமீட்டர் மீட்டரை மட்டும் பார்த்து மூப்படைவதில்லை. காலண்டரைப் பார்த்தும் மூப்படைகிறது. டைமிங் பெல்ட் என்று வழங்கும் அந்த வாரை மாற்றும் காலத்தையும், மாற்றாக வாங்கும் பெல்ட்டையும் எவ்வாறு நிர்ணயிப்பது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

காற்றை இழுப்பது, அமுக்குவது, எரிப்பது, புகையை வெளியேற்றுவது என்ற நான்கு வீச்சுகளில் வேலை செய்யும் எஞ்சினில், பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் மிகச் சரியாக ஒரு சுற்றுச் சுற்றியாக வேண்டும். இந்த விகிதம் ஒரு பல்லளவும் பிசகாமல் காப்பதே டைமிங் பெல்ட்டின் காரியம். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றில் எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு இருபத்தைந்து தடவை திறந்து மூடுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால், அந்த ரப்பர் பற்கள் தாங்கும் பாரம் எத்தகையது என்பது விளங்கும். பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் அந்தக் கணமே நின்றுவிடும். கிராங்க் ஷாஃப்ட்டோ ஓட்ட வேகத்தில் இன்னும் சில சுற்றுகள் சுற்றும். இடம் சிக்கனமாக அமைத்த எஞ்சின்கள் பலவற்றில், திறந்தபடி நின்றுவிட்ட வால்வின்மேல் மேலேறி வரும் பிஸ்டன் மோதுகிறது, வால்வு வளைகிறது, சில வேளை பிஸ்டனும் உடைகிறது. பிறகு ஹெட்டை இறக்கி, வளைந்த வால்வுகளைக் கழற்றி, புதியவற்றை அரைத்துப் பொருத்தி, எல்லாவற்றையும் மறுபடி பூட்ட வேண்டும். சின்னக் காரின் பெல்ட்டுக்கு ஆகும் சொற்பத் தொகையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு பன்மடங்கு என்பதோடு, வண்டி நின்றுபோவது வீட்டு வாசலிலா, மேம்பாலத்தின் நடுவிலா என்பதும் நம் கையில் இல்லை.

பல் வைத்த பெல்ட் மோட்டார் காருக்காக முதலில் உண்டானதன்று. 1940களில் அமெரிக்காவில் கில்மர் கம்பெனியைச் சேர்ந்த ரிச்சர்ட் கேஸ் என்பவர், தையல் யந்திரத்தில் ஊசியும் பாபினும் ஒத்து இயங்கும் பொருட்டு அதைச் சமைத்தார். ஜெர்மனியில் கிளாஸ் என்ற சிறு கம்பெனி 1962இல் தன் 1004 மாடல் காரில் கேம் ஷாஃப்ட்டை ஓட்ட அதைப் பயன்படுத்தியது. பெருந்தொகையாக உற்பத்தியான கார்களில் அதுவே முன்னோடி. நம் அம்பாஸடரிலும் பத்மினியிலும் இந்த வேலையைச் செய்தது இரும்புச் சங்கிலி. 1983 டிசம்பரில் மாருதி 800 தெருவுக்கு வந்த பிறகுதான் ரப்பர் பெல்ட் இந்தியக் குடும்பங்களின் காருக்குள் பரவலாகக் குடியேறியது. சத்தம் குறைவு, பாரம் குறைவு, எண்ணெய் வேண்டியதில்லை. இத்தனை சௌகரியங்களுக்கும் ஈடாக அது கேட்பது, உரிய காலத்தில் தன்னை மாற்ற வேண்டும் என்பது ஒன்றைத்தான்.

அந்த உரிய காலம் எது என்பதில்தான் மல்லேஸ்வரத்துக் கார்களுக்கு ஆபத்து ஒளிந்திருக்கிறது. தயாரிப்பாளர்கள் கொடுக்கும் புத்தகத்தில் பெரும்பாலும் இவ்வளவு கிலோமீட்டர் அல்லது இவ்வளவு வருஷம், இரண்டில் எது முந்துகிறதோ அது, என்று இருக்கும். நம்மவர்கள் முதற்பாதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மேஜை டிராயரில் வருஷக்கணக்கில் கிடந்த ரப்பர் பாண்டை இழுத்ததும் அறுந்துவிடுவதுபோல, நின்ற இடத்திலேயே நிற்கும் காரின் பெல்ட்டும் வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஓஸோனாலும் எண்ணெய்க் கசிவாலும் உள்ளூர நலிகிறது. ஓடும் கொஞ்ச தூரத்திலும் கிலோமீட்டர் கணக்கு முழு உண்மையைச் சொல்வதில்லை. யஷ்வந்தபுரத்துப் பக்கம் வாகன நெரிசலில் ஒரு மணி நேரம் எஞ்சின் ஐட்லில் ஓடினால், நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்று என்று வைத்துக்கொண்டாலும், கிராங்க் ஷாஃப்ட் நாற்பத்தெட்டாயிரம் தடவை சுற்றியிருக்கும். மீட்டரில் ஏறியதோ நாலைந்து கிலோமீட்டராக இருக்கலாம்.

பெங்களூருக்கு அருகே பிடதியில் தயாராகி 2005இல் வெளிவந்த இன்னோவாவின் 2.5 லிட்டர் டீஸல் எஞ்சினில், குறித்த தூரம் கடந்ததும் டி-பெல்ட் என்று டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். இரவும் பகலும் விமான நிலையத்துக்கு ஓடும் டாக்ஸிக்கு அது மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் அந்த விளக்குத் தூரத்தை எண்ணுமேயன்றி வருஷத்தை எண்ணாது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வெளியே வரும் வண்டியில் அது எரிவதற்குள் பெல்ட்டின் ஆயுள் முடிந்துவிடக்கூடும். நம் சிறிய கார்களில் அந்த விளக்கும் கிடையாது. ஆகையால் புத்தகத்தில் வருஷக் கணக்குக் குறித்திருந்தால் அதை அப்படியே ஏற்க வேண்டும் என்பதும், குறிக்காவிட்டாலோ புத்தகமே தொலைந்துபோயிருந்தாலோ ஐந்தாறு வருஷத்தை எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்பதும் என் அபிப்பிராயம்.

பெல்ட் வாங்கப் புறப்படுமுன், நம் காருக்கு அது உண்டா என்பதை முதலில் அறிய வேண்டும். கேட்பதற்கு விநோதமாக இருந்தாலும் இது அவசியமான கேள்வி. ஐ10 என்று ஒரே பெயரில், ஒரே உருவத்தில் வந்த காரில், 1.1 லிட்டர் எஞ்சினுக்கு பெல்ட், 1.2 லிட்டர் கப்பா எஞ்சினுக்குச் சங்கிலி. ஆல்டோ 800க்கு பெல்ட், ஆல்டோ கே10க்குச் சங்கிலி. 2005இல் வந்த 1.3 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கு பெல்ட், 2010இல் வந்த 1.2 லிட்டர் ஸ்விஃப்ட்டுக்குச் சங்கிலி. எனவே கடையில் போய்க் காரின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பது போதாது. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் கொடுத்து, அவற்றுக்குரிய பார்ட் நம்பரைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பெல்ட்டுகள், பல்லின் எண்ணிக்கையில் ஒன்றோ, பல்லின் வளைவிலோ, அகலத்திலோ வேறுபட்டிருக்கலாம். ஒரு காலத்தில் சதுரச் சாயலாக இருந்த பற்கள் பிற்காலத்தில் உருண்டை வடிவாக மாறின, ஒன்றின் புல்லியில் மற்றொன்று உட்காராது.

பெங்களூரில் மோட்டார் சாமான் என்றால் ஜே.சி. ரோடுதான். டவுன் ஹாலில் தொடங்கி ரவீந்திர கலாக்ஷேத்ராவைத் தாண்டி மினர்வா சர்க்கிள் வரை செல்லும் அந்தச் சாலையிலும் அதன் கிளைச் சந்துகளிலும், சென்னையில் ஜி.பி. ரோட்டில் உள்ளதுபோலவே, ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கார் கம்பெனியின் பெட்டியில் வரும் ஒரிஜினல், பெல்ட் கம்பெனியே தன் பெயரில் விற்பது, பெயர் தெரியாத லோக்கல், பெயரைத் திருடிய டூப்ளிகேட் என்று நான்கு வகையும் அங்கே கிடைக்கும். கார் கம்பெனிகள் பெரும்பாலும் தாமே பெல்ட் செய்வதில்லை. கேட்ஸ், கான்டினென்டல், பாண்டோ, மிட்சுபோஷி, டேகோ போன்ற பெல்ட் கம்பெனிகளிடம் வாங்கித்தான் தம் பெட்டியில் இடுகின்றன. நம் மதுரையில் நெடுங்காலமாக பெல்ட் செய்துவரும் ஃபென்னரின் பெயரிலும் டைமிங் பெல்ட்டுகள் கிடைக்கின்றன. எனவே முதலிரண்டு வகைகளில் எதை வாங்கினாலும் குற்றமில்லை. பின்னிரண்டையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது. பழைய நியோப்ரீன் ரப்பருக்கும், இப்போது நல்ல பெல்ட்டுகளில் உபயோகிக்கும் ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல் ரப்பருக்கும் உள்ள பேதத்தைக் கையால் தடவிப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் எஞ்சினின் வெப்பம் சொல்லிவிடும்.

பெட்டியைத் திறந்து பெல்ட்டைக் கையில் எடுத்தால் சில விஷயங்களை நாமே பார்க்கலாம். முதுகில் கம்பெனியின் பெயரும் பாகத்தின் எண்ணும், பெரும்பாலும் பல்லின் தொகையும் அகலமும், தெளிவாக அச்சாகியிருக்கும். அச்சு மங்கியோ கோணலாகவோ இருந்தால் சந்தேகிக்க வேண்டும். பற்களின் மேல் நெய்த நைலான் துணி இழை பிரியாமல் படிந்திருக்க வேண்டும். உள்ளே நெடுக்காக ஓடும் கண்ணாடி நூல்கள்தாம் இதன் உயிர்நாடி. இழுவைக்கு அசையாத அந்த நூல், கூர்மையாக மடித்தால் முறிந்துவிடும், முறிந்தது வெளியே தெரியாது. ஆகையால் ஆணியில் மாட்டி வெயிலில் தொங்கவிட்ட பெல்ட்டையும், ரப்பர் பாண்ட் போட்டு இறுக்கி மடித்த பெல்ட்டையும் வாங்கலாகாது. பெட்டியின்மேல் உற்பத்தித் தேதியைப் பார்ப்பதும் முக்கியம். அதிகம் விற்காத பழைய மாடல்களின் பெல்ட்டுகள் அலமாரியில் பல வருஷம் தூங்குவதுண்டு. வயதைக் காரணம் காட்டி ஒரு பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அதே வயதுள்ள இன்னொன்றை மாட்டுவதில் என்ன பிரயோஜனம்?

பெல்ட்டை மட்டும் தனியே வாங்காமல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், ஐட்லர் இருந்தால் அதையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதை நான் மிகவும் வற்புறுத்துவேன். டென்ஷனரின் பேரிங்கிலுள்ள கிரீஸும் அதே வருஷங்களில்தான் காய்ந்திருக்கிறது. அது இறுகி நின்றால் புதுப் பெல்ட்டைத் தேய்த்தே அறுத்துவிடும். கேம், கிராங்க் இரண்டின் ஆயில் சீல்களும் எண்ணெய் கசியும் ஸ்திதியில் இருந்தால் அதே சமயத்தில் மாற்றிவிட வேண்டும். சில எஞ்சின்களில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட் ஓட்டுகிறது. அங்கே பம்பையும் சேர்த்து மாற்றுவதே லாபம், ஏனெனில் கூலியில் பெரும்பங்கு மூடியையும் புல்லியையும் கழற்றி மாட்டுவதற்கே போகிறது.

மல்லேஸ்வரத்து ஒர்க்ஷாப்புகளில் பலகாலமாக நான் கேட்டுவரும் சம்பாஷணை ஒன்று உண்டு. "மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தேனே, பெல்ட் நன்றாகத்தானே இருக்கிறது? இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே" என்பார் பெரியவர். "பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கும் ஸார். அறுந்தப்புறம் ஹெட்டு இறக்கணும், அப்ப என்னைத்தான் திட்டுவீங்க" என்பார் மெக்கானிக். மெக்கானிக் சொல்வதே சரி. வெடிப்பும் பிசிறும் தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அவை தெரியாததனால் பெல்ட் திடமாக இருக்கிறது என்று ஆகாது. சங்கிலி தளர்ந்தால் சத்தம் போட்டு எச்சரிக்கும். பெல்ட் அநேகமாக எச்சரிக்காமலே அறுந்துவிடும்.

மாட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று கவனிக்க மெக்கானிக் சம்மதித்தால் கட்டாயம் கவனியுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கேம் புல்லியிலும் கிராங்க் புல்லியிலும் உள்ள குறிகளை எதிர்க்குறிகளோடு நேராக வைத்து, ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் கைவிரலாலேயே பெல்ட்டை ஏற்றி, டென்ஷனரை அந்த எஞ்சினுக்குரிய முறைப்படி நிறுத்திய பிறகு, நல்ல மெக்கானிக் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்துவிட மாட்டார். கிராங்க் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு, எஞ்சின் சுழலும் திசையிலேயே கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுவார். இரண்டு சுற்றில் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வந்து சேரும். குறிகள் மறுபடி நேராக நின்றால் டைமிங் சரி, ஒரு பல் தள்ளி நின்றால் மீண்டும் கழற்றி வைப்பார். நடுவில் எங்காவது முட்டினால் கைக்குத் தெரிந்துவிடும், ஸ்டார்ட்டருக்குத் தெரியாது.

எண்ணெயிலேயே நனைந்து ஓடும் பெல்ட்டுகளும் இப்போது உண்டு. ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில் இருப்பது அந்த வகை. அதற்கு எண்ணெயின் ரகமே பிரதானம். வேறு ரக எண்ணெயில் ஊறிய பெல்ட்டிலிருந்து உதிரும் துகள்கள் எண்ணெய் இழுக்கும் சல்லடையை அடைத்து எஞ்சினையே கெடுத்துவிடும்.

வேலை முடிந்ததும் கழற்றிய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டிக்கியில் போட்டு வைக்காமல், அங்கேயே வெட்டி எறிந்துவிடச் சொல்லுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிப் பெல்ட் மூடிமேல் ஒட்டிவிட்டு, ரசீதை ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீடுகளிலிருந்து பல கார்கள் ஒரு நாள் பேரனிடமோ வேறொருவரிடமோ போகின்றன. குறைவாக ஓடிய வண்டி என்று நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர், அந்தச் சீட்டும் ரசீதும் இல்லையென்றால், ஓசூர் சாலையில் ஏறுமுன்பே புதுப் பெல்ட்டும் டென்ஷனரும் போட்டுக்கொள்ள வேண்டியவர்.