ஹம்பர் ஆற்றங்கரையில் ஓர் அதிகாலை ஓட்டம்

எம்மவரிடையே 'ஓட்டம்' என்ற சொல் நல்ல பொருளில் வழங்கத் தொடங்கி அதிக காலமாகவில்லை. ஷெல் விழுந்தபோது ஓடினோம். 1995இல் வலிகாமத்தை விட்டு ஓடினோம். கடல் பொங்கியபோதும் ஓடினோம். ஆகவே, கனடாவில் வாழும் என் அண்ணர் நாள்தோறும் அதிகாலையில் ஓடுகிறார் என்று அண்ணி தொலைபேசியில் கூறியபோது, "ஏன், என்ன நடந்தது?" என்பதே என் வாயில் வந்த முதற் கேள்வியாயிற்று. அண்ணி சிரித்தார். "ஒண்டும் நடக்கேல்லை. சீனி வருத்தம் கூடிப்போச்சு. டொக்டர் ஓடச் சொல்லிப்போட்டார்" என்றார்.

2023 ஒக்டோபரில் ரொறன்ரோ சென்று, வெஸ்ரன் பகுதியிலுள்ள அண்ணரின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அவருக்கு அப்போது 61 வயது. அவர் ஓடுவது பந்தய ஓட்டமன்று. பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெல்லோட்டம். ஓடும்போது பேச்சுத் தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று மருத்துவர் கூறியிருந்தாராம். தனியே ஓடுகின்றவர் யாருடன் பேசுவது? அண்ணர் அதற்கும் ஒரு வழி கண்டிருந்தார். செபமாலையை விரல்களிற் சுற்றிக்கொண்டு, அருள் நிறைந்த மரியேயை வாய்விட்டுச் சொல்லியபடி ஓடுவார். மன்றாட்டின் நடுவில் மூச்சு முறிந்தால் வேகத்தைக் குறைப்பார். ஐந்து பத்து மணிகளும் முடியும்போது ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் ஓடியிருப்பார். பக்தியையும் மருத்துவத்தையும் இவ்வாறு கலக்கலாமோ என்று எனக்கு முதலில் ஒரு கூச்சம் இருந்தது. இரண்டு நாட்கள் அவருடன் ஓடிய பின்னர் அது நீங்கிவிட்டது.

ரொறன்ரோ உயர்ந்த கட்டடங்களின் நகரம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அதன் நிலப்பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம் ஆறுகளும் ஓடைகளும் அறுத்த பள்ளத்தாக்குகளே. ஹம்பர், டொன், ஹைலண்ட் ஓடை, ரூஜ் எனப் பல நீரோட்டங்கள் நகரை ஊடறுத்து ஒன்ராறியோ ஏரியில் கலக்கின்றன. அவற்றின் கரைகளில் நடப்போருக்கும் ஓடுவோருக்கும் சைக்கிளில் செல்வோருக்குமான பாதைகள் அமைந்துள்ளன. வீதியில் நின்று பத்துப் படி கீழே இறங்கினால் வாகன இரைச்சல் அடங்கி, மரங்களும் நீரோசையுமே எஞ்சும். ஹம்பர் ஆற்றுப் பாதையில் தெற்கே சென்றால் 1916இல் கட்டப்பட்ட பழைய ஆலைப் பாலம் வரும். அதற்கும் அப்பால், ஆறு ஏரியைச் சேருமிடத்தில், நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்குமான வெண்ணிற வளைவுப் பாலம் இருக்கிறது.

ஒக்டோபரில் அங்கே சமன் மீன்கள் ஏரியிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறும். அணைக்கட்டுகளில் அவை துள்ளித் துள்ளி விழுவதைக் காண, ஓடுகின்றவர்களும் நின்றுவிடுவார்கள். இவற்றில் பெரும்பாலானவை பசுபிக் கரைக்குரிய இனம். இந்த ஏரிக்கே உரிய சமன் இனம் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் அற்றுப்போனது. 1960களின் பிற்பகுதியில் இவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள். "இதுகளும் எங்களைப்போல வந்து குடியேறினதுகள்தான்" என்பது அண்ணரின் விளக்கம்.

இந்தப் பாதைகள் எவ்வாறு வந்தன? அதை அறிய, அண்ணர் வழமையாகத் தரித்து நிற்கும் றேமோர் பூங்காவுக்கு வரவேண்டும். இன்று அங்கே புற்றரையும் மரங்களும்தாம் உள்ளன. 1954இல் அங்கே ஒரு தெரு இருந்தது; வீடுகள் இருந்தன; குடும்பங்கள் வாழ்ந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, ஹெயிட்டியிலும் அமெரிக்காவிலும் உயிர்களைக் காவுகொண்டு வந்த 'ஹேசல்' சூறாவளி ரொறன்ரோவின் மீது மழையைக் கொட்டியது. முன்னைய மழைகளால் நிலம் ஏற்கெனவே நனைந்து ஊறியிருந்தமையால் நீர் முழுவதும் ஆறுகளுக்குள் பாய்ந்தது. ஆற்றின் குறுக்கே தொங்கிய நடைபாலம் ஒருபுறம் அறுந்து திரும்பி, வெள்ளத்தைக் குடியிருப்பின் பக்கம் தள்ளிவிட்டது. றேமோர் தெருவில் மாத்திரம் 35 பேர் மாண்டனர். ஒன்ராறியோவில் மொத்தம் 81 உயிர்கள் போயின. அவர்களுள் ஐவர், பிறரைக் காப்பாற்றப் புறப்பட்டு, தம் வாகனத்தோடு ஹம்பரில் அகப்பட்ட தொண்டர் தீயணைப்பு வீரர்கள்.

மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறும் இரு வீடுகளின் உவமை இவ்விடத்தில் யாருக்கும் நினைவுக்கு வரும். எனினும், அத்தெருவில் வாழ்ந்தோரை மணல்மேல் வீடு கட்டிய அறிவிலிகள் என்று சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை. அங்கே வீடு கட்ட அவர்களுக்கு அனுமதி இருந்தது. ஆறும் அதுவரை அடக்கமாகவே ஓடியது.

அழிவின் பின்னர் அந்தத் தாழ்நிலத்தில் மீண்டும் வீடு கட்ட இடமளிக்கப்படவில்லை. 1957இல் ஆற்றுப் படுகைகள் அனைத்துக்குமாக ஒரு பாதுகாப்பு அதிகாரசபை உருவாக்கப்பட்டது. வெள்ளம் பாயும் நிலங்கள் பொதுவுடைமையாக்கப்பட்டு, பூங்காக்களாயின. பூங்காக்களை இணைத்துப் பாதைகள் நீண்டன. எம் நாட்டிலும் 2005இல் கடலோரத்தில் 100 மீற்றர், 200 மீற்றர் எனத் தடைவலயம் அறிவித்தார்கள், பின்னர் தளர்த்தினார்கள். இரண்டையும் ஒப்பிட்டு நம்மைக் குறைகூறுவது எளிது. ஆனால் றேமோர் தெருவில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆறு சோறு போடவில்லை. எங்கள் கரையில் வாழ்ந்தவர்களுக்குக் கடலே சோறு போட்டது.

நாங்கள் வடமராட்சி கிழக்குக் கரையைச் சேர்ந்தவர்கள். 2004 மார்கழி 26, திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. அன்று எங்கள் அம்மாவைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அண்ணரால் வரவும் முடியவில்லை. அதன் பின்னர் அவர் ஏரிக்கரைப் பக்கமே போவதில்லை என்பதும், பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்ப மறுத்தார் என்பதும் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு அண்மையில் ஓடுவதற்கு ஆற்றங்கரைப் பாதை மட்டுமே இருந்தமையால், மருத்துவரின் சொல்லுக்கு அஞ்சியே அவர் மீண்டும் நீரருகே வந்திருக்கிறார்.

அந்த ஒக்டோபர் 15ஆம் திகதியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலிக்கு முன்னர் ஓடச் சென்றோம். பூங்காவில் பழைய பாலத்தின் உடைந்த அடித்தூணும் அதன் வரலாறு கூறும் பலகையும் உள்ளன. அண்ணர் அதனருகே நின்று ஒரு பத்து மணி சொன்னார். "இந்த முப்பத்தைஞ்சு பேருக்கும், அம்மாவுக்கும்" என்றார். பின்னர், பத்தொன்பது ஆண்டுகளாகக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"அண்டைக்கு அம்மா எங்கை நிண்டவ?"

நான் சொன்னேன். பூசைக்குச் சென்றுவிட்டு அவர் முன்னதாகவே வீட்டுக்குத் திரும்பியதையும், நான் கோயில் வாசலிற் பேசிக்கொண்டு பின்தங்கியதையும் சொன்னேன். பிந்தியதை யாரிடமும் நான் அதுவரை சொன்னதில்லை. அன்று நாங்கள் ஓடவில்லை. திரும்பும் வழி முழுவதும் நடந்தே வந்தோம்.

2024 ஜூலை 16ஆம் திகதி ரொறன்ரோவில் பெருமழை பெய்து, டொன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை நீரில் மூழ்கிய செய்தியை இங்கே தொலைக்காட்சியிற் கண்டு, பதறி அவரை அழைத்தேன்.

"ஆத்துக்குள்ள தண்ணி வரத்தானே செய்யும், தம்பி" என்றார் அண்ணர். "பூங்காவுக்குள்ள இப்ப ஒருத்தரும் குடியிருக்கேல்லை."

மறுநாள் காலை மேட்டுத் தெருவால் ஓடினாராம்.