மச்சில் குடியேறிய மரநாய்: நஞ்சு வேண்டாம், நாலு வேலை போதும்



திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் எங்கள் தோட்டம். ஓட்டு வீடு, அதை ஒட்டி மாவும் சப்போட்டாவும், வரப்பில் பனை. போன பங்குனியில் ராத்திரியானால் மச்சின் மேல் தடதடவென்று ஓட்டம். நாலாம் நாள் மூத்திர நாற்றம் கூடத்துக்கே இறங்கிவிட்டது. மரநாய்!

"வாழைப்பழத்துல எலி மருந்த வெச்சுடுங்க சார், ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்றார் பக்கத்து நிலத்துக்காரர். வயலில் வைக்காத நஞ்சை வீட்டில் வைப்பதா? மனம் ஒப்பவில்லை.

ஆனால் வேறொரு தப்பு செய்தேன். பொழுது சாய்ந்து அது இரை தேடப் போனதும், ஓடு விலகியிருந்த சந்தை அடைத்துவிட்டேன். விடிய விடிய ஓட்டைப் பிறாண்டும் சத்தம். காலையில் களை எடுக்க வந்த இருளர் அம்மா காது கொடுத்துக் கேட்டார். "உள்ள குட்டி கத்துது சாரு. அடைச்சா செத்துப்பூடும்."

உடனே ஓட்டைப் பிரித்துவிட்டேன். அன்று ராத்திரியே தாய் திரும்பி வந்தது. குட்டிகள் செத்திருந்தால், மருந்து வைத்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

மரநாய் ஒரு ஈற்றில் 2 முதல் 5 குட்டி வரை போடும். பால்குடி மறக்க சுமார் இரண்டு மாதம் ஆகும். அதுவரை பொறுத்தோம். பிறகு செய்தவை இவை:

1. சந்தில் செய்தித்தாளை லேசாகச் செருகி வைத்தோம். மூன்று இரவு கசங்காமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். அதன் பிறகே வெல்டு மெஷ் அடித்து அடைத்தோம்.

2. கூரைமேல் சாய்ந்த கிளைகளை ஆறடி தூரத்துக்குக் கழித்தோம். வீட்டை ஒட்டிய தென்னையில் இரண்டடி அகலத் தகரம் சுற்றினோம். வழுக்கும், ஏற முடியாது.

3. உதிர்ந்த பழங்களைச் சாயங்காலமே பொறுக்கி எருக்குழியில் போட்டு மண் மூடினோம். நாய்ச் சோறு ராத்திரி வெளியே கிடக்கக் கூடாது. கோழிக்கூட்டுக்கும் வெல்டு மெஷ்தான், மெல்லிய கோழி வலை ஆகாது.

4. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு மச்சில் கிடந்த எச்சத்தை வாரி, சுண்ணாம்பு தூவினோம். பழைய வாடை இருந்தால் திரும்ப வரும்.

அந்துருண்டை வைக்காதீர்கள். அந்த நெடி நமக்கே கெடுதல். எலி மருந்திலோ இன்னொரு ஆபத்து இருக்கிறது. புரோமடியலோன் ரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்லும். அதைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் சாகும். அப்புறம் எலிக்குத்தான் கொண்டாட்டம்.

கூண்டில் பிடித்து வேறிடம் விடலாமே என்பார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மரநாயைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். நாமாகச் சமாளிக்க முடியாவிட்டால் வனத்துறையிடம் சொல்ல வேண்டும்.

மரநாய் பழம் தின்னும், கள்ளுப் பானையிலும் வாய் வைக்கும், வாஸ்தவம்தான். எலியையும் பூச்சியையும் பிடிப்பதும் அதுதான். எங்கள் வரப்பில் அதன் எச்சத்தில் ஈச்சங்கொட்டை கிடக்கிறது. கூலி வாங்காத விதைப்புக்காரன்!

இப்போது களத்துமேட்டு ஆலமரத்தில் இருக்கிறது. மச்சு எங்களுக்கு, மரம் அதற்கு. நஞ்சில்லா விவசாயம் வரப்போடு நின்றுவிடக் கூடாது, வீட்டுக் கூரை வரைக்கும் வர வேண்டும்.