செம்மண்ணில் பிடி, தாரில் நெளிவு

தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டை ஒட்டிக் கிடக்கிறது சித்தூர் மாவட்டத்தின் பாலசமுத்திரம் மண்டலம். கரும்பும் மாவும் வேர்க்கடலையும் விளைகிற பூமி. இங்கே ஓடும் பிக்கப் வண்டி ஒரே நாளில் மூன்று விதத் தரையைப் பார்த்துவிடும்: மாந்தோப்புக்குள் செம்மண் தடம், ஊரை இணைக்கும் குறுகலான தார்ச்சாலை, திருப்பதி பக்கம் போக நெடுஞ்சாலை. ஐப்பசி, கார்த்திகையில் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கும். தோப்புப் பாதையெல்லாம் சேறாகும். அப்போதுதான் டயர் கடையில் அந்தக் கேள்வி எழும்: “பட்டன் டயர் போட்டுரலாமா?”

கடைக்காரர்கள் ‘பட்டன் டயர்’ என்பதில் ஒரு வகைதான் ‘ஏடி’ எனப்படும் ஆல்-டெர்ரெய்ன் டயர். பிக்கப்களுக்கு ரேடியல் வடிவில் அது பரவத் தொடங்கியது 1976-ல், அமெரிக்காவின் பிஎஃப்குட்ரிச் நிறுவனம் கொண்டுவந்த டயரோடு. இன்று இதே வட்டாரத்திலேயே இரண்டு தொழிலும் நடக்கின்றன. ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசூ பிக்கப் வண்டிகள் தயாராகின்றன. பக்கத்திலுள்ள சின்னபாண்டூரில் 2020-ல் அப்போலோ டயர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது.

பள்ளம்தான் பலம்

சாதாரண டயரில் ரப்பர் அதிகம், பள்ளம் குறைவு. ஏடி டயரில் ரப்பர்க் கட்டைகள் உயரம், இடைவெளி அகலம். ஈரச் செம்மண்ணில் சாதாரண டயரின் பள்ளங்கள் சில சுற்றுகளிலேயே அடைத்து, டயர் வழவழவென்று சுழலும். ஏடி டயரின் அகன்ற பள்ளத்துக்குள் சேறு புகும். கட்டையின் விளிம்பு அதைக் கடித்துத் தள்ளும். சக்கரம் சுழலும் வேகத்தில் சேறு தெறித்து வெளியேறும். சரளைக் கல்லில் அதன் தடித்த பக்கச்சுவர் கிழிசலைத் தாங்கும்.

அதே உயரம்தான் தார்ச்சாலையில் குறையாகிறது. காகிதத்தின் மேல் அழிரப்பரை நிமிர்த்தி வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் முதலில் வளையும், பிறகுதான் நகரும். படுக்க வைத்தால் அந்த வளைவு இருக்காது. உயரமான டயர்க் கட்டைகளும் இப்படித்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் கட்டைகள் நெளிகின்றன. வண்டி திரும்புவது ஒரு கணம் கழித்து. நெளியும் ரப்பர் சூடாகிறது, அந்தச் சூட்டுக்கான செலவு டீசலில் இருந்து போகிறது. பள்ளங்கள் அகலமானதால் சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பும் குறைவு. நனைந்த தாரில் பிரேக் பிடித்தால், தரமான நெடுஞ்சாலை டயரைவிடப் பெரும்பாலான ஏடி டயர்கள் சற்றுத் தள்ளியே நிற்கும்.

சமதளச் சாலையில் இதை ஓட்டுநர் பழகிக்கொள்வார். மலைப்பாதையில் கவனம் வேண்டும். திருமலைக்கு ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை. இறங்கும் பாதை 1944-ல் போட்டது. அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள். அங்கே நிதானமாக, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து இறங்குவதே ஏடி டயருக்கு ஏற்ற ஓட்டம்.

செலவை மிச்சப்படுத்தப் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் பட்டன் டயர் போடுவது இன்னொரு வழக்கம். இதில் ஆபத்து உண்டு. மழைச் சாலையில் முன்டயர் பிடித்துத் திரும்ப, பின்டயர் முதலில் வழுக்கும். லோடு இறக்கிய பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே லேசு, வண்டி சுழன்றுவிடும். போட்டால் நான்கும் ஒரே வகையாகப் போட வேண்டும்.

பின்னால் ஒன்றை இழுக்கும்போது

கலவை இயந்திரம், கம்ப்ரஸர், ஜெனரேட்டர் என்று பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுப்பவை சில. இரண்டு டன் வண்டி, பிரேக் இல்லாத ஒரு டன் டிரெயிலரை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொக்கியின் மேல் டிரெயிலர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு அமர வேண்டும் என்பது பொதுவிதி. அதாவது வண்டியின் டயர்களை அழுத்துவது கூடுதலாக நூறு, நூற்றைம்பது கிலோதான். ஆனால் பிரேக் மிதித்தால் அந்த நான்கு டயர்களும் மூன்று டன்னையும் நிறுத்தியாக வேண்டும். வேகம் 60-லிருந்து 80 கிலோமீட்டரானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு.

டிரெயிலர் அலைய ஆரம்பித்தால் அது வண்டியின் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். அதை அடக்குவது பின்டயர்களின் விறைப்பு. கட்டைகள் நெளிந்து, பக்கச்சுவரும் தளர்ந்தால் ஆட்டம் அடங்க நேரமாகும். ஒரு வேகத்துக்கு மேல் அடங்காமல் வளரும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். வெட்டித் திருப்பக் கூடாது, திடீர் பிரேக்கும் கூடாது.

இதற்காக எல்லா ஏடி டயரையும் இழுவைக்கு ஆகாது என்று ஒதுக்க வேண்டியதில்லை. ‘எல்டி’ என்று குறித்த, சுமைவண்டிக்கான ஏடி டயரில் பக்கச்சுவர் விறைப்பு. சரியான காற்றோடு ஓடினால் அது கார் வகை நெடுஞ்சாலை டயரைவிடச் சுமையை நன்றாகத் தாங்கும். காற்றில்தான் சூட்சுமம். அதே சுமைக்கு எல்டி டயர் பெரும்பாலும் கூடுதல் காற்றழுத்தம் கேட்கும். சேற்றில் பிடிப்புக்காகக் காற்றை இறக்கியவர், தார்ச்சாலை ஏறியதும் திரும்ப நிரப்பாமல் லோடோடு ஓட்டினால், பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். சித்தூர் மே மாத வெயிலில் டயர் வெடிக்க அது போதும்.

பக்கச்சுவரைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் ‘112/110 எஸ்’ என்று இருந்தால், தனிச் சக்கரமாக 1120 கிலோவும், இரட்டைச் சக்கரமாக ஒவ்வொன்றும் 1060 கிலோவும் தாங்கும். ‘எஸ்’ என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வேக வரம்பு. கம்பெனி டயரைவிட இந்தச் சுமை எண் குறைந்தால், தோற்றம் எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும் வாங்கக் கூடாது. அளவும் முக்கியம். 245/70 ஆர்16 இருந்த இடத்தில் 265/70 ஆர்16 போட்டால் சக்கர விட்டம் சுமார் 749 மில்லிமீட்டரிலிருந்து 777-ஆகும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-ல் போகும். சாலையில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 3.6 விழுக்காடு குறையும். மேட்டில் டிரெயிலரோடு ஏறும்போது அந்தக் குறை தெரியும்.

உருளும் தடை, ஈரப்பிடிப்பு, உருளும் சத்தம் ஆகிய மூன்றுக்கும் டயர்கள் தர அளவை எட்ட வேண்டும் என்று ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ல் விதி வகுத்தது. பட்டன் டயர் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும் விஷயங்களில் இவை மூன்றும் அடங்கும்.

ஆகவே ஓட்டத்தில் பெரும்பங்கு தோப்பும் சேறும் கல்லும் என்றால், சரியான சுமை எண் கொண்ட எல்டி வகை ஏடி டயரை நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். வருடத்தில் சில வாரச் சேற்றைத் தவிர மற்ற நாளெல்லாம் தார்ச்சாலைதான், அதிலும் லோடும் டிரெயிலரும்தான் என்றால், நல்ல நெடுஞ்சாலை டயரே போதும். எதைப் போட்டாலும், லோடு ஏற்றும் முன் காற்றை அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.