தேதி முடிந்த தயிர் முகத்துக்கு ஆகுமா?

"சாப்பிட்டால்தானே வயிற்றுக்குக் கேடு, முகத்தில் பூசிக் கழுவிவிடுவதற்குத் தேதி எதற்கு?" என்று இல்லத்தரசிகள் பலர் கேட்பதுண்டு. தூக்கி எறிய மனம் வராத தயிரும் கடலை மாவும் தீபாவளி நெருங்கும்போது முகப்பூச்சாக மாறிவிடுகின்றன. சிக்கனம் நல்லதுதான். ஆனால், முகத்தில் செய்ய வேண்டிய சிக்கனம் அல்ல இது.

மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் இரு வகைத் தேதிகளுக்கு இடம் தருகின்றன. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது சுவை, மணம் போன்ற தரத்தைக் குறிக்கும். 'எக்ஸ்பைரி' என்பது அதற்குமேல் உண்ணாதீர்கள் என்பது. இரண்டுமே திறக்காத, முறையாக வைத்திருந்த பொட்டலத்துக்குத்தான் பொருந்தும். திறந்து மூன்று வாரமான டப்பாவுக்கு அந்தத் தேதி உத்தரவாதம் தராது.

ஆரோக்கியமான தோல் ஒரு மதில். பரு கிள்ளிய இடம், எக்ஸிமா, நூலால் புருவம் திருத்திய இடம் ஆகியவை அந்த மதிலில் விழுந்த ஓட்டைகள். கிருமி அவ்வழியே நுழையும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் ஆறவும் நாளாகும்.

தயிரின் புளிப்பு பல கிருமிகளைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் பூசணத்துக்கும் ஈஸ்டுக்கும் புளிப்பு ஒரு தடையல்ல. மேலே படர்ந்ததை வழித்துவிட்டாலும் அதன் இழைகள் உள்ளே இருக்கும். மாவு இன்னும் ஏமாற்றும். நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணுக்குத் தெரியாத மாவுச் சிற்றுண்ணிகள் பெருகும். மளிகைப் பொருள்களைக் கையாள்வோருக்கு இவற்றால் அரிப்பும் தடிப்பும் வருவது மருத்துவர்கள் அறிந்ததே. அதைக் கன்னத்தில் தேய்ப்பானேன்? காறல் வாடை வீசும் எண்ணெயும் தோலை எரிச்சலூட்டலாம். தேன் மட்டும் விதிவிலக்கு, எளிதில் கெடாது. தண்ணீர் கலந்துவிட்டாலோ அதுவும் புளித்துவிடும்.

முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். அந்தச் சோதனை ஒவ்வாமையைக் காட்டக்கூடும். பொருளில் கிருமி இருக்கிறதா என்று காட்டாது.

பூசிய பிறகு எரிந்தால் வெறும் தண்ணீரால் நன்கு கழுவுங்கள். மேலே மஞ்சளோ எலுமிச்சையோ தடவ வேண்டாம். வீக்கம், சீழ், காய்ச்சல் கண்டாலோ கண்ணருகே சிவந்தாலோ உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள். என்ன பூசினீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பொட்டலம் இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள்.