அடங்கலில் இல்லாத மாடுகள்

ஆயா பாலித்தீன் கவரைப் பிரித்தார். உள்ளே இருபதுக்கும் மேல் ரசீதுகள், பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து கிடந்தன. "வரி கட்டிக்கினுதான சார் இருந்தேன். தோ பாருங்க, ஒரு வருசம் தவறல."

ஒரு திட்டத்துக்காக இடத்தை அளக்க வந்திருந்த அதிகாரிகள் வாங்கிப் பார்த்தார்கள். புறம்போக்கில் கேழ்வரகு போட்டதற்காக அவர் வருடா வருடம் கட்டிய அபராதத்தின் ரசீதுகள் அவை. எங்கள் துறையில் 'பி மெமோ' என்போம். நிலம் தன்னுடையது என்று காட்ட அவர் நீட்டிய காகிதமே, ஆக்கிரமிப்பை அவர் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகிவிட்டது. அந்த ரசீதுகளில் பலவற்றை எழுதியவன் நான். 'வரி' என்று அவர் சொன்னபோதெல்லாம் திருத்தாமல் இருந்தவனும் நான்தான்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்த பிறகு, தேர்வு எழுதி வேலைக்கு வந்த தலைமுறை. வாசலில் வி.ஏ.ஓ. என்று போர்டு மாட்டியிருந்தாலும் வயதானவர்களுக்குக் கடைசிவரை நான் 'கர்ணம்'தான். வேலையில் பாதி, அடங்கல் எழுதுவது. எந்த சர்வே எண்ணில் யார், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று பசலி ஆண்டுதோறும் எழுதி, வருடாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் காட்ட வேண்டும். நெல் என்றால் நெல், வேர்க்கடலை என்றால் வேர்க்கடலை. பயிர் இல்லையென்றால் 'தரிசு'. பல தடவை இடத்துக்குப் போகாமலே, போன வருடத்து அடங்கலைப் பார்த்து அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன்.

அப்படி எழுதுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எனக்குக் காட்டிய ஊர் தேர்வாய் கண்டிகை. நான் வேலை பார்த்த ஊர் அல்ல. ஆனால் எங்கள் தாலுகாவில் அந்த ஊர்ப் பேச்சு வராத டீக்கடை இருந்ததில்லை.

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, கவரைப்பேட்டையில் சத்தியவேடு சாலைக்குத் திரும்பிப் போனால் ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் வரும். தலித் மக்கள் பெருவாரியாக வாழும் ஊர். ஊரை ஒட்டிக் கிடந்த சுமார் 1,127 ஏக்கர், தொழிற்பூங்கா அமைக்க அரசின் சிப்காட் நிறுவனத்தின் வசம் போனது. 2009 நவம்பரில் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷ்லின் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. சுமார் 290 ஏக்கரில், 4,000 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை. கிராம சபையில் தீர்மானம், மறியல், கைது, நீதிமன்றம் என்று ஊர் எதிர்த்துப் பார்த்தது. கடைசியில் மரங்கள் விழுந்தன, மதில் எழுந்தது, டயர் வெளிவந்தது.

அரசு சொன்ன வாதம் எளிமையானது. யாருடைய பட்டா நிலத்தையும் எடுக்கவில்லை. யார் வீட்டையும் இடிக்கவில்லை. இது அரசு நிலம். பதிவேட்டைப் பிரித்தால் அது உண்மைதான். 'மேய்க்கால் புறம்போக்கு' என்றுதான் இருக்கும்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிராமத்து நிலத்தில் தனியாருக்குப் பட்டா உள்ளது போக, தீர்வை விதிக்காமல் பொது உபயோகத்துக்கென்று ஒதுக்கி வைத்தது புறம்போக்கு. ஏரி, வாய்க்கால், பாதை, சுடுகாடு, களம், மந்தைவெளி எல்லாம் அதில் அடங்கும். மாடு மேய விட்டது மேய்க்கால். உரிமை அரசுக்கு, உபயோகம் ஊருக்கு என்பதுதான் ஏற்பாடு. ஆனால் காலம் போகப் போக எங்கள் வாயில் 'புறம்போக்கு' என்பது வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. யாருக்கும் பயன்படாத இடம், யாருக்கும் பயன்படாத ஆள்!

பயன்பட்டதா இல்லையா என்று ஊரில் கேட்டால் வேறு கணக்கு வரும். ஆடு மாடு மேய்ந்தது, விறகு பொறுக்கியது, மழைக்குப் பின் காளான், காட்டுப் பழம், பச்சிலை. அந்த மேட்டில் விழும் மழைதான் சுற்றியுள்ள ஏரிகளுக்கு ஓடி வரும் என்றார்கள். இதையெல்லாம் விவசாயத்துக்குச் சம்பந்தமில்லாத உதிரி வருமானம் என்று நினைப்பது பட்டணத்துக் கண். பகலில் மேய்க்காலில் மேயும் மாடு, ராத்திரி தொழுவத்தில் போடும் சாணிதான் நஞ்சைக்கு எரு. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டால் அடுத்த போகத்துக்கு உர மூட்டை குறையும். மேய்க்கால் போனால் முதலில் மாடு போகும், பிறகு எரு போகும், நீர்வரத்து தடைபட்டால் ஏரியும் போகும். பட்டா நிலம் பத்திரத்தில் அப்படியே இருக்கும். அதில் வெள்ளாமை செய்வதுதான் கட்டுப்படியாகாமல் போகும்.

தேர்வாய் கண்டிகையில் இது இன்னும் ஆழமான சங்கதி. அந்தக் காலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் எங்கள் பகுதியும் இருந்தது. தீண்டப்படாதவர்களாக வைக்கப்பட்ட மக்கள் நிலமில்லாததால் எப்படிக் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று அந்த மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதினார். அடுத்த வருடம் வந்த அரசாணையின் பேரில் கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். அதிலும் எவ்வளவு கைமாறிப் போனது என்பது தனிக் கதை. சொந்தப் பட்டா சொற்பமாக உள்ள சனங்களுக்குப் பொதுநிலம்தான் நிலம். யாரிடமும் கை கட்டாமல் போய்வர முடிந்த ஒரே இடம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் மறுபடியும் அரைகுறை அடங்கல் எழுதியவனாவேன். கவரைப்பேட்டைக் கடை ஒன்றில் அப்பாவும் மகனும் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள். ஐ.டி.ஐ. முடித்த பையன் சொன்னான்: "மாடு மேய்ச்சா மாடு மேய்க்கிறவன்னுதான் கூப்புடுவானுங்க நைனா. கம்பெனி சட்டை போட்டாத்தான் பேர் சொல்லிக் கூப்புடறானுங்க." அப்பா டீயை ஆற்றிக்கொண்டே, "ஆடு வித்துதான்டா உனக்கு ஐ.டி.ஐ. பீஸ் கட்டினேன்" என்றார். ரெண்டு பேர் சொன்னதும் நிஜம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் ஸ்ரீசிட்டி, இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆலைகளை இழுக்க மாநிலங்கள் போட்டி போடும் காலத்தில், தொழிற்சாலையே வேண்டாம் என்று இந்த வட்டாரத்தில் சொல்பவர் குறைவு. எங்கே, எத்தனை ஏக்கரில், யார் செலவில் என்பதில்தான் வழக்கு.

வேலைக் கணக்கும் பார்க்க வேண்டும். இன்றைய பெரிய ஆலையில் இயந்திரம் அதிகம், ஆள் குறைவு. உள்ளே நிரந்தர வேலைக்குப் படிப்பு வேண்டும். படிக்காதவர்களுக்குக் கேன்டீன், தோட்டம், மூட்டை ஏற்றுவது என்று காண்ட்ராக்ட் வேலை. ஐம்பது வயதில் ஆட்டை விற்ற பெண்ணுக்கு எந்த கேட்டிலும் டோக்கன் இல்லை. மகனுக்கு வேலை கிடைத்த வீடும் கிடைக்காத வீடும் ஒரே தெருவில் இருக்கும். மேய்க்கால் போனது மட்டும் இரண்டு வீட்டுக்கும் போனதுதான்.

தேர்வாய் கண்டிகை வழக்கு கடல் தாண்டியும் போனது. 2012-இல் ஊர்ச் சங்கமும் தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்பும், பிரான்சின் சி.ஜி.டி. தொழிற்சங்கம், ஷெர்பா போன்ற அமைப்புகளோடு சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தையை விசாரிக்கும் பிரெஞ்சு அரசின் அமைப்பிடம் புகார் கொடுத்தன. 2013 செப்டம்பரில் அறிக்கை வந்தது. நிறுவனம் விதிகளை மீறியதாக அது சொல்லவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஏற்படும் பாதிப்புகளை முறையாக ஆய்வு செய்யும்படி பரிந்துரைத்தது. ஆலைக்கு அடித்தளம் போடும் முன்னால் நடந்திருக்க வேண்டிய வேலை அது.

அதே வருடம் இந்தியாவில் புதிய நிலச் சட்டம் நிறைவேறியது. நிலம் கையகப்படுத்தினால் சமூகத் தாக்க மதிப்பீடு, சந்தை மதிப்பின் மேல் நூறு சதவீத ஆறுதல் தொகை, மறுவாழ்வு என்று பல அம்சங்கள். பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதில் நிலச் சொந்தக்காரரோடு குத்தகைதாரர், கூலியாள், காட்டுப் பொருள் சேகரித்துப் பிழைப்பவரையும் சேர்த்தார்கள். படித்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: 'கையகப்படுத்தினால்' என்பதுதான் வாசல்படி. புறம்போக்கை அரசு கையகப்படுத்த வேண்டியதில்லை. அது ஏற்கெனவே அரசுடையது. ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு நில மாற்றம் செய்தால் போதும். மாடு மேய்த்தவர் அந்த வாசலுக்குள் நுழையவே முடியாது.

தேர்வாய் கண்டிகைப் பக்கத்திலேயே இதற்கு ஒப்பீடு இருக்கிறது. சென்னையின் குடிநீருக்காகக் கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, சுமார் 380 கோடி ரூபாயில், அரை டி.எம்.சி. கொள்ளும் நீர்த்தேக்கம் கட்டினார்கள். 2020 நவம்பர் 21 அன்று திறந்தார்கள். அதில் பட்டா நிலம் போனவர்களுக்கு இழப்பீடு போதுமா போதாதா என்று பேச ஒரு மேசையாவது இருந்தது. மேய்க்கால் போனவர்களுக்குப் பேரம் பேசக் கையில் எந்தக் காகிதமும் இல்லை. ஒரே வட்டாரம், ஒரே மண். கிராமக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

பொதுநிலத்தைக் காக்கச் சட்டம் பேசவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்கே மீட்டுக் கொடுக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் எதிர்த்திசையிலும் காற்றடிக்கிறது. 2023-இல் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களில் நீர்நிலை அடங்கிய நிலத்தையும் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது. விவசாய சங்கங்கள் அதை எதிர்ப்பது அதனால்தான். அதே வருடம் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. மாநிலமே கொதித்த பிறகு அரசு பின்வாங்கியது. அங்கே கையில் பட்டா இருந்தவர்களுக்கே அந்தக் கதி.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. அடங்கலில் ஒரு கலம். புறம்போக்குக்கு எதிரே, 'இதை யார், எதற்காக, எந்த மாதங்களில் பயன்படுத்துகிறார்கள்' என்று எழுத ஒரு கலம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கால்நடைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அது மாட்டை எண்ணும், மாடு எங்கே மேய்ந்தது என்று கேட்காது. என் அடங்கல் நிலத்தை எழுதியது, மாட்டைக் கேட்கவில்லை. இரண்டு கணக்கும் ஒரே பக்கத்தில் சேர்ந்திருந்தால், 'தரிசுதானே' என்று யாரும் ஒற்றைச் சொல்லில் முடித்திருக்க முடியாது. அதுவரை, 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கலாம். மரம், மூலிகை, மேய்ச்சல், அதை நம்பியிருப்பவர் எல்லாம் அதில் ஏறும். கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கி நகலைப் பத்திரப்படுத்தலாம். ஆலை வருகிறதா என்று தெரியும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. வந்த பிறகு எழுதினால், இழப்பீட்டுக்காக எழுதியது என்பார்கள்.

போன மாதம் நானே ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கிக்கொண்டு பக்கத்து மேய்க்காலுக்குப் போனேன். வேப்பமர நிழலில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் ஆடுகள். எத்தனை உருப்படி என்று கேட்டேன். நோட்டைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், என்னையும் ஒருமுறை பார்த்தார்.

"எதுக்கு சார் கேக்கறீங்க? வரி போடவா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு எண்ணைச் சொன்னார். அவர் கண் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் எண்ணிப் பார்த்தேன். நாலு குறைத்துச் சொல்லியிருந்தார்.

அவர் சொன்னதையே எழுதிக்கொண்டேன்.